யூரோவிஷனில் கிரேக்கப் பாட்டு: ஆங்கிலத்தில் பாடினால்தான் ஜெயிக்க முடியுமா?

ராத்திரி_ரேடியோ (மதுரை)

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டு அனுப்பும் யூரோவிஷன் போட்டி 2025இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் நடந்து முடிந்த பிறகும் அந்த 'ஆஸ்தெரோமாதா' பாட்டு என் தலையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கிளாவ்தியா என்ற பெண், மூக்குக்கண்ணாடியோடு வந்து, பெரிதாக ஆட்டம் எதுவும் இல்லாமல், கிரேக்க மொழியில் பாடிவிட்டுப் போனார். 231 புள்ளி, 6ஆம் இடம். வரி ஒன்றும் புரியாமலே நான் பத்துப் பதினைந்து தடவை கேட்டுவிட்டேன். பிறகுதான் தேடிப் பார்த்தேன், 'ஆஸ்தேரி' என்றால் நட்சத்திரம், 'மாத்தி' என்றால் கண். நட்சத்திரக் கண்ணாள். மதுரைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும், இங்கே மீனாட்சி, அங்கே விண்மீனாட்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிரேக்கம் இந்தப் போட்டியில் 2025 வரை ஜெயித்தது ஒரே ஒரு தடவை, 2005இல், எலெனா பாபரிசூவின் 'மை நம்பர் ஒன்'. அது முழுக்க ஆங்கிலம். 2001, 2004, 2008 மூன்றிலும் 3ஆம் இடம் வந்தார்கள், அவையும் ஆங்கிலத்தில், அல்லது பெரும்பாலும் ஆங்கிலத்தில். சொந்த மொழியில் பாடி முதல் மூன்றுக்குள் வந்ததே கிடையாது. அப்படியென்றால் கிளாவ்தியாவும் ஆங்கிலத்தில் பாடியிருந்தால் இன்னும் மேலே போயிருப்பாரா? இல்லை, ஆங்கிலத்தில் பாடியிருந்தால் நான் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேனா? போட்டியைப் பின்தொடர்கிறவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_ஒருத்தன்

இதில் பேச என்ன இருக்கிறது. கிரேக்க மொழி பேசுகிற சைப்ரஸ் கிரேக்கத்துக்கு உச்சப் புள்ளியான 12 போடும், கிரேக்கம் சைப்ரஸுக்கு 12 போடும். அரங்கத்தில் இருக்கிறவர்களே கேலியாக ஊளையிடுவார்கள். பாட்டு எந்த மொழியில் இருந்தால் என்ன.

கணக்குப்பிள்ளை

தம்பி ராத்திரி ரேடியோ, கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் கொஞ்சம் கோணலாகக் கேட்டிருக்கிறீர்கள். 1977இலிருந்து 1998 வரை அவரவர் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்பது போட்டியின் விதி. கிரேக்கத்துக்கு அப்போது தேர்வே இல்லை. அந்தக் காலத்தில் அவர்கள் எட்டிய உச்சம் 5ஆம் இடம், 1977இல் ஒரு தடவை, 1992இல் ஒரு தடவை. 1998இல் வந்த கதை இன்னும் பரிதாபம்: மொத்தம் 12 புள்ளி, 20ஆம் இடம், அந்த 12ம் ஒரே நாடு போட்டது. எந்த நாடு என்று நம் சும்மா ஒருத்தன் சந்தோஷமாகச் சொல்வார்.

1999இல் மொழி விதியைத் தளர்த்தினார்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் கிரேக்கம் போட்டியிலேயே இல்லை. 2001இல் திரும்பி வந்தபோது ஆங்கிலத்தோடு வந்தார்கள், 3ஆம் இடம். இதைப் பார்த்தால் 'ஆங்கிலம் வந்தது, வெற்றி வந்தது' என்றுதான் தோன்றும். ஆனால் அதே இரண்டு மூன்று வருடத்துக்குள் இன்னும் இரண்டு விஷயம் மாறியது. ஒன்று, நடுவர்கள் மட்டும் புள்ளி போட்டுக்கொண்டிருந்த இடத்தில் 1998 வாக்கில் பெரும்பாலான நாடுகளில் தொலைபேசி வாக்கு வந்துவிட்டது. இன்னொன்று, மேடையில் இருந்த நேரடி இசைக்குழு 1998தான் கடைசி, அதற்குப் பிறகு இசை எல்லாம் பதிவு செய்த தடம், பாட்டு மட்டும் நேரடி. நடனப் பாட்டுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக மாறியிருக்கும்போது பெருமையை எல்லாம் ஆங்கிலத்துக்கு மட்டும் கொடுப்பது, மழையும் வந்தது உரமும் போட்டோம், விளைச்சலுக்குக் காரணம் புதுக் கலப்பை என்று சொல்கிற மாதிரி.

சைப்ரஸ் விஷயம்: அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 12 புள்ளியை வைத்துக்கொண்டு 20ஆம் இடத்தில்தான் உட்கார முடியும் என்பதற்கு 1998ஏ சாட்சி. 2005இல் கிரேக்கத்துக்குப் 12 போட்ட நாடுகள் பத்து. ஜெர்மனி, பெல்ஜியம், ஸ்வீடன், பிரிட்டன், ஹங்கேரி, பல்கேரியா, அல்பேனியா, செர்பியா மாண்டினீக்ரோ, சைப்ரஸ், அப்புறம் துருக்கி. ஆமாம், துருக்கிதான்.

சும்மா_ஒருத்தன்

துருக்கியா? நிஜமாகவா?

கணக்குப்பிள்ளை

நிஜமாக. அதன் ருசி தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1974இல்தான் கிரேக்கம் முதன்முதலாகப் போட்டிக்கு வந்தது, மரினெல்லா பாடினார், 11ஆம் இடம். (அதே பிரைட்டன் மேடையில்தான் ஸ்வீடனின் 'அப்பா' (ABBA) இசைக்குழு ஜெயித்தது, அதனால் மற்றவர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.) அந்தக் கோடையிலேயே துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கியது. 1975இல் துருக்கி முதல் தடவையாகப் போட்டிக்கு வந்தது, கிரேக்கம் போகவில்லை. 1976இல் கிரேக்கம் வந்தது, துருக்கி வரவில்லை. அந்த வருடம் மரிசா கோக் பாடியது சைப்ரஸில் எரிந்த நிலத்தைப் பற்றிய ஒப்பாரி. போட்டியை ஒளிபரப்பிய துருக்கித் தொலைக்காட்சி, கிரேக்கத்தின் முறை வந்ததும் அந்தப் பாட்டைத் தூக்கிவிட்டுத் தங்கள் தேசபக்திப் பாட்டு ஒன்றைப் போட்டது. அங்கிருந்து 29 வருடம் கழித்து, அதே நாட்டு மக்கள் தொலைபேசியை எடுத்து கிரேக்கப் பாட்டுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். இதை அரசியல் வாக்கு என்று சொல்வீர்களா?

மிருதங்கக்காரன் (கும்பகோணம்)

துருக்கிக்காரர்கள் வாக்களித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. காது ஒரே காதுதானே.

கிரேக்க நாட்டுப்புறப் பாட்டுக்கும் ரெபெத்திகோ என்ற நகர்ப்புறப் பாட்டுக்கும் அவர்கள் 'த்ரோமி' என்று வைத்திருக்கிற சுர வரிசைகள் இருக்கின்றன. த்ரோமோஸ் என்றால் சாலை. ராகத்துக்கு என்ன அழகான பெயர் பாருங்கள், சாலை. அதில் 'ஹிட்சாஸ்' என்று ஒன்று, அரபு, துருக்கி மரபில் ஹிஜாஸ் என்பார்கள். அதன் முதல் நாலு சுரம் நம் மாயாமாளவகௌளையின் முதல் நாலு சுரமேதான்: ஸ, சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம். 'ஹிட்சாஸ்கியார்' என்று இன்னொன்று உண்டு, அதில் மேல் பாதியும் அப்படியே, முழு மாயாமாளவகௌளை. கமகம் நம் மாதிரி இருக்காது, ஆனால் சுர இடம் ஒன்றுதான்.

தாளத்திலும் இதே கதைதான். கலமத்தியானோஸ் என்று ஒரு வட்ட நடனம், கல்யாண வீட்டில் எல்லோரும் கை கோத்து ஆடுவார்கள், அது ஏழு எண்ணிக்கை, மூன்று இரண்டு இரண்டு. நம் மிஸ்ர சாபு. தகிட தகதிமி போட்டால் அப்படியே உட்காரும். செய்பேகிகோ என்ற ஒற்றை ஆள் ஆட்டம் ஒன்பது எண்ணிக்கை. 2011இல் கிரேக்கம் அனுப்பிய 'வாட்ச் மை டான்ஸ்' பாட்டில் ஒரு ராப் பாடகர் ஆங்கிலத்தில் கொட்டிக்கொண்டிருக்க, லூக்காஸ் யோர்காஸ் கிரேக்கத்தில் பாடும் இடத்தில் அந்தச் செய்பேகிகோ சாயல் வரும். 7ஆம் இடம் வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த ஒன்பது எண்ணிக்கை புரிந்திருக்காது, ஆனால் ஏதோ கனமாக நடந்து வருகிறது என்று உடம்புக்குத் தெரிந்திருக்கும்.

என் கட்சி இதுதான்: பாட்டின் மொழி வாயில் மட்டும் இல்லை. 'மை நம்பர் ஒன்' ஆங்கிலப் பாட்டு என்கிறீர்கள், நடுவில் வருகிற அந்தக் கிரேத்தா தீவின் லைரா (வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம்) எந்த மொழி?

கோவைக்காரி

லைரா! அந்த இடத்தை மறக்கவே முடியாது. அந்த நடனக்காரர்கள் கயிறு மாதிரி எதையோ இழுத்துப் பிடிக்க, எலெனாவே ஒரு லைராவை வாசிக்கிற மாதிரி பாவனை செய்வாரே. உண்மையில் யாரும் எதையும் வாசிக்கவில்லை, மேலே கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன மாதிரி எல்லாம் பதிவுத் தடம். ஆனாலும் பாருங்கள், மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, இதற்குள் ஒரு வாத்தியம் இல்லாமலே வாத்தியத்தைக் காட்டிவிட்டார்கள். நடன அமைப்பு ஃபோகாஸ் எவாங்கெலினோஸ். முந்தின வருடம் இஸ்தான்புல்லில் சாகிஸ் ரூவாஸ் 'ஷேக் இட்' பாடி 3ஆம் இடம் வந்தாரே, அது வெறும் குலுக்கல் பாட்டு, எனக்குப் பிடிக்கும், ஆனால் வெறும் குலுக்கல் பாட்டுதான்.

இதில் இன்னொரு விஷயம். 'மை நம்பர் ஒன்' கிரேக்கத்தின் முதல் விருப்பமாக இருந்திருக்குமா என்பதே சந்தேகம். உள்நாட்டுத் தேர்வுக்கு எலெனாவுக்காக நாலு பாட்டு வைத்திருந்தார்கள். அதில் 'தி லைட் இன் அவர் சோல்' என்று ஒன்று முன்பே வெளியே வந்துவிட்டது என்று விதிப்படி தள்ளப்பட்டது. மீதி மூன்றில்தான் இது ஜெயித்தது. இசை கிறிஸ்தோஸ் தாந்திஸ், வரிகள் அவரும் நதாலியா யெர்மனுவும்.

ராத்திரி_ரேடியோ

மிருதங்கக்காரன் அண்ணே, 'சாலை' என்ற பெயரைக் கேட்டதும் நான் இழையின் தலைப்பையே மாற்றிவிடலாமா என்று யோசித்தேன்.

ஆனால் லைராவைக் காட்டி நீங்கள் நழுவுகிறீர்கள். லைரா ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கிறது, சாப்பாடு ஆங்கிலம்தானே?

பாசல்_பக்கத்தில் (சுவிட்சர்லாந்து)

வணக்கம். நான் பாசலில் இருந்து ரயிலில் அரை மணித்தியாலம். 2025 மே மாதம் போட்டி நடந்த சாங்க்ட் யாகோப்ஸ்ஹாலேக்குள் போக நுழைவுச்சீட்டு கிடைக்கவில்லை, நகரத்துக்குள் பெரிய திரை வைத்திருந்தார்கள், மகளோடு அங்கே நின்று பார்த்தேன். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கிரேக்கக் குடும்பம். தாத்தா, அவருடைய மகன், பேரப்பிள்ளைகள். பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் சுவிஸ் ஜெர்மன்தான் கதைத்தார்கள். கிளாவ்தியா பாடத் தொடங்கியதும் அந்தத் தாத்தா அழுதுவிட்டார். பேத்தி அவரிடம் ஏதோ கேட்டாள், அவர் பதில் சொல்லவில்லை, தோளில் கை வைத்தார், அவ்வளவுதான். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு விளங்கியது, அவளுக்கும் விளங்கியது என்று நினைக்கிறேன். நாங்கள் ஊர்ப் பாட்டு கேட்கிறபோது அவள் இப்படித்தான் பார்ப்பாள்.

பாட்டு இடம்பெயர்ந்தவர்களைப் பற்றியது. ஊரை விட்டுப் போகிற மகளும் ஊரும் பேசிக்கொள்கிற மாதிரி. பொன்டஸ் கிரேக்கர்கள் கருங்கடல் கரையை விட்டு வந்ததைத்தான் சொல்கிறது என்று போட்டிக்கு முன்பே ஒரு சர்ச்சை ஓடியது. பாடியவர் பக்கம், இது எல்லா அகதிகளுக்கும் பொதுவானது என்றார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினவர்கள் யார் என்று ஒருக்கால் பாருங்கள். எலெனா பாபரிசூ ஸ்வீடனில் போரோஸ் என்ற ஊரில் பிறந்தவர். 2001இல் 3ஆம் இடம் வந்த 'ஆன்டீக்' இரட்டையரில் ஒருத்தி அவரேதான், மற்றவரும் ஸ்வீடன் கிரேக்கர். 2007இல் வந்த சார்பெல் லண்டன் பிள்ளை. 2008இல் 'சீக்ரெட் காம்பினேஷன்' பாடிய கலோமிரா நியூயார்க்கில் வளர்ந்தவர். 2019இல் வந்த கத்தரீன் தூஸ்கா மொன்றியலில் பிறந்தவர். 2021இல் வந்த ஸ்தெஃபானியா நெதர்லாந்துப் பிள்ளை. 2022இல் வந்த அமாண்டா நோர்வேயில் வளர்ந்தவர். கிரேக்கம் தன் நாட்டைக் காட்ட அனுப்பியதில் இத்தனை பேர் வெளியூர்ப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆங்கிலம் வேஷம் இல்லை. வீட்டுக்கு வெளியே அவர்கள் வாழ்கிற பாஷை. வீட்டுக்குள்ளே கேட்டது புசூகி என்ற தந்தி வாத்தியமும் லைராவும். இரண்டையும் ஒரு பாட்டில் போட்டால் அதுதான் அவர்களுடைய உண்மையான குரல். 'மை நம்பர் ஒன்'னை ஊறுகாய் என்று சொல்லாதீர்கள் தம்பி, எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சாப்பாடே அப்படித்தான் இருக்கிறது.

ராத்திரி_ரேடியோ

ஊறுகாயை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அக்கா.

பாசல்_பக்கத்தில்

அக்கா இல்லை, அண்ணா. பரவாயில்லை. :)

சும்மா_ஒருத்தன்

சரி, வெளியூர்ப் பிள்ளைகள் பாடினார்கள், வெளியூர்க் கிரேக்கர்கள் வாக்குப் போட்டார்கள். ஸ்வீடன் 12, ஜெர்மனி 12. ஜெர்மனியில் எத்தனை கிரேக்கர்கள் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் நான் சொன்னதுதான் வருகிறது, பாட்டு இல்லை, ஆள் பலம்.

கணக்குப்பிள்ளை

ஆள் பலம் ஒவ்வொரு வருடமும் அப்படியே இருக்கிறதே ஐயா, இடம் மட்டும் ஏன் 1ஆம் இடத்துக்கும் 21ஆம் இடத்துக்கும் நடுவில் ஊஞ்சலாடுகிறது? ஜெர்மனியில் இருந்த கிரேக்கர்கள் 2014, 2015இல் எங்கேயும் போய்விடவில்லை. கிரேக்கம் அந்த இரண்டு வருடமும் ஆங்கிலத்தில்தான் பாடியது, 20ஆம் இடம், 19ஆம் இடம். 2012இல் 'அஃப்ரோடிசியாக்' 17. 2017இல் 19. 2019இல் 21. எல்லாம் ஆங்கிலம்.

கிரேக்க மொழிப் பக்கம் பாருங்கள். 2010 ஓஸ்லோவில் 'ஓபா', 1998க்குப் பிறகு முழுக்கக் கிரேக்கத்தில் வந்த முதல் பாட்டு, 8ஆம் இடம். 2013 மால்மோவில் 'ஆல்கஹால் இஸ் ஃப்ரீ', தலைப்பும் அந்த ஒரு கத்தலும் மட்டும் ஆங்கிலம், மற்றது கிரேக்கம், 6ஆம் இடம், 152 புள்ளி. 2024இல் மரீனா சாட்டி 11. 2025இல் 6. இதே கணக்கைத் திருப்பியும் போடலாம், 2018இல் யானா தெர்ஸி 'ஓனிரோ மூ' என்று கிரேக்கத்தில் பாடி அரையிறுதியோடு வீட்டுக்குப் போனார், 2022இல் அமாண்டா ஆங்கிலத்தில் பாடி 8 வந்தார். அதனால் மொழியை வைத்து ஒரு கோடு போட முடியவில்லை என்பதுதான் என் முடிவு. 2009இல் நடுவர்கள் பாதி, மக்கள் பாதி என்று ஆன பிறகு வெறும் குலுக்கலுக்குக் கிடைத்த விலை குறைந்துவிட்டது, அது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு சின்னத் தகவல். 2005இல் 39 நாடுகள் வாக்களித்தன. ஒரு நாடு தனக்கே போட முடியாது, ஆக உச்சம் 38ஐ 12ஆல் பெருக்கினால் 456. எலெனா வாங்கியது 230. பாதிக்கு மேல் ஒரு துளி. இரண்டாவதாக வந்த மால்டா 192. எல்லோரும் நினைக்கிற மாதிரி அது அடித்து நொறுக்கிய வெற்றி இல்லை.

கோவைக்காரி

'ஆல்கஹால் இஸ் ஃப்ரீ' பற்றி யாரும் பேச மாட்டீர்களா? கோசா மோஸ்த்ரா என்ற இளவட்டக் குழு, தெசலோனிக்கிக்காரர்கள், எல்லோரும் ஸ்காட்லாந்துக்காரர்கள் மாதிரி பாவாடை, அவர்களுக்கு நடுவில் வெள்ளை மீசையோடு அகதோனாஸ் யாகோவிதிஸ், வாழ்நாள் முழுக்க ரெபெத்திகோ பாடிய பெரியவர். அவர் எதையும் நடிக்கவில்லை. வாத்தியத்தை வைத்துக்கொண்டு, சின்னப் பையன்கள் குதிப்பதைக் கல்யாண வீட்டுத் தாத்தா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். 2020இல் காலமாகிவிட்டார்.

மிருதங்கக்காரன்

அக்கா, ரெபெத்திகோ என்ற பெயரை எடுத்துவிட்டீர்கள், இனி நான் வாயை மூட மாட்டேன். 1922இல் ஸ்மிர்னா நகரம் எரிந்து, ஆசியா மைனரில் (இன்றைய துருக்கியில்) இருந்த கிரேக்கர்கள் லட்சக்கணக்கில் பிரேயஸ் துறைமுகத்திலும் தெசலோனிக்கியிலும் வந்து இறங்கினார்கள். வரும்போது கொண்டுவந்தது அந்தச் சாலைகளைத்தான், ஹிட்சாஸையும் மற்றதையும். துறைமுகத்துக் கஞ்சாக் கடைகளில், சிறைகளில் பாடப்பட்ட பாட்டு. 1936இல் மெத்தாக்சாஸ் சர்வாதிகாரம் வந்ததும் இது கீழ்த்தரம், துருக்கி வாடை அடிக்கிறது என்று தணிக்கை செய்தார்கள். எது துருக்கி வாடை என்று ஒரு காலத்தில் வெட்டினார்களோ அதையேதான் இப்போது 'இதோ எங்கள் கிரேக்க அடையாளம்' என்று ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். அகதிகள் கொண்டுவந்த பாட்டு. கிளாவ்தியாவின் பாட்டைக் கேட்டு அந்தத் தாத்தா அழுதார் என்று பாசல் அண்ணா எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

கணக்குப்பிள்ளை

2013க்கு ஒரு பின்குறிப்பு உண்டு. நாடு கடனில் முழுகிக்கொண்டிருந்த நேரம், 'சாராயம் இலவசம்' என்று பாடிவிட்டு மே 18 அன்று 6ஆம் இடத்தோடு திரும்பினார்கள். ஜூன் 11 அன்று கிரேக்க அரசு, அந்தப் பாட்டை அனுப்பிய பொதுத் தொலைக்காட்சி ஈஆர்டியையே செலவு மிச்சம் என்று சொல்லி மூடிவிட்டது. ராத்திரி ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. இரண்டு வருடம் கழித்து 2015இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த 2014, 2015 இடங்களை மேலே கொடுத்திருக்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவைக்காரி

நான் இழைக்குள் வந்ததே மரீனா சாட்டிக்காக. 2024, 'ஜாரி'. பகடை என்று அர்த்தம். (தமிழில் எழுதுவதே பாடு. 'ஸாரி' என்று எழுதினால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது, அல்லது புடவை.) அப்பா சூடானியர், அம்மா கிரேத்தா தீவு, படித்தது பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரியில். 2017இல் ஏதென்ஸ் தெருவில் பெண்களோடு ஆடிக்கொண்டே நடந்து போகிற மாதிரி 'மாந்திசா' என்று ஒரு காணொளி போட்டு ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தவர்.

'ஜாரி'யை முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. ஒரு பக்கம் பழைய ஊர்ப் பாட்டு, ஒரு பக்கம் ரெக்கேட்டோன் என்ற லத்தீன் அமெரிக்க நடனப் பாட்டு, இடையில் வெட்டி வெட்டி ஏதோ, முடிந்துவிட்டது. கதம்ப சாதம் மாதிரி. நாலாவது தடவையில்தான் பிடித்தது. பிடித்த பிறகு விடவே இல்லை. காணொளியும் ஏதென்ஸுக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளையும், அவர்களுக்கு விற்கிற கிரேக்கத்தையும் சேர்த்தே கேலி செய்கிறது. மேடையில் அதைப் படம் பிடித்த விதமும் கைபேசியில் யாரோ நேரலை எடுக்கிற மாதிரி. மக்கள் 85 புள்ளி போட்டார்கள், நடுவர்கள் 41. நடுவர்களுக்கு நாலு தடவை கேட்கப் பொறுமை இல்லை போல.

அந்த வருடம் நானும் வாக்குப் போட்டேன். 2023இலிருந்து போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்களும் இணையத்தில் வாக்களிக்கலாம், எல்லோரையும் சேர்த்து ஒரே நாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் இறுதிப்போட்டி தொடங்கும்போது ராத்திரி பன்னிரண்டரை. என் வங்கியோ அந்த நேரத்தில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றமா என்று பயந்துபோய் அட்டையை முடக்கிவிட்டது. வீட்டுக்காரரை எழுப்பி அவர் அட்டையை வாங்கிப் போட்டேன். எதற்கு என்று கேட்டார், கிரேக்கத்துக்கு என்றேன், அவர் மறுபடி தூங்கிவிட்டார்.

சும்மா_ஒருத்தன்

கோயம்புத்தூரில் இருந்து கிரேக்கத்துக்கு ஒரு வாக்கு. இதுவும் ஆள் பலத்தில் சேருமா?

கோவைக்காரி

சேரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி_ரேடியோ

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். என் கேள்வி கொஞ்சம் உடைந்துபோய்விட்டது, ஆனால் முழுசாக இல்லை. கணக்கு மொழியைக் காட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இருபது வருடம் கழித்து ஒருத்தன் மதுரையில் உட்கார்ந்து அகராதி தேடியது 'மை நம்பர் ஒன்'னுக்காக இல்லை. அதில் எல்லாம் புரிந்துவிடுகிறது, தேட ஒன்றும் இல்லை. 'ஆஸ்தெரோமாதா'வில் பாதிக் கதவு சாத்தியிருக்கிறது, அதனால் தள்ளிப் பார்க்கத் தோன்றுகிறது. இது போட்டிக்குப் பயன்படாமல் இருக்கலாம், மூன்று நிமிடத்தில் யார் கதவைத் தள்ளுவார்கள்.

பாசல்_பக்கத்தில்

சரிதான் தம்பி. ஆனால் அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு? அவர்களுக்கும் அது பாதி சாத்திய கதவுதான். திரும்பிப் போகும்போது ட்ராமில் அந்த நட்சத்திரக் கண் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்கள், உச்சரிப்பு சரியா என்று தாத்தாவிடம் கேட்டுக் கேட்டு.

மிருதங்கக்காரன்

1977இல் 5ஆம் இடம் வந்தது என்று கணக்குப்பிள்ளை ஐயா சொன்னாரே, அந்தப் பாட்டை இப்போதுதான் கேட்டேன். நாலு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். தலைப்பு 'மாத்திமா சோல்ஃபேஜ்', சுரப் பாடம் என்று அர்த்தமாம். டோ ரே மி என்று சுரத்தையே வரியாக வைத்துப் பாடுகிறார்கள்.

ராத்திரி_ரேடியோ

சரளி வரிசையை யூரோவிஷனுக்கு அனுப்பியிருக்கிறார்களா?

மிருதங்கக்காரன்

கிட்டத்தட்ட. ஆனால் மேற்கத்திய மேஜர் ஸ்கேலில் அனுப்பிவிட்டார்கள். கையில் ஹிட்சாஸ்கியார் இருக்கும்போது பாடத்தை அதில் அல்லவா தொடங்கியிருக்க வேண்டும். நாம் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்குவதில்லையா.